யொரூபா நாட்டுப் பெண் தலைவர்கள்



ஆசிரியன் ஒருவன் தவறான விடை கூறிவிட்டால் அதைத் திருத்துவதற்குக் காலக்கெடு உண்டா? இல்லை என்பதே என் எண்ணம். பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒன்பதாம் வகுப்பில் மேற்கு ஆப்பிரிக்காவின் பழைய அரசுகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மன்னர்களையும் போர்களையும் சொல்லி முடித்தேன். பின்வரிசையிலிருந்து மாணவி ஒருத்தி எழுந்து, "அந்த நாட்டுப் பெண்கள் என்ன செய்தார்கள், ஐயா?" என்று கேட்டாள். "வீட்டைக் காத்தார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள்" என்று சொல்லி அவளை அமரச் செய்தேன். என் கையிலிருந்த பாடநூலில் வேறொன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை. நூலில் இல்லாதது நாட்டிலும் இருந்திராது என்று எண்ணிவிட்டேன். பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், பொழுது வாய்த்தபோது யொரூபா மக்களின் வரலாற்றைப் படிக்கலானேன். அப்போதுதான் என் விடை எத்துணைப் பிழையானது என்று விளங்கிற்று. அந்த மாணவிக்குச் சேர வேண்டிய விடையை இன்று உங்களிடம் ஒப்படைக்க விரும்புகிறேன்.

யொரூபா மக்கள் வாழும் நிலம் முதன்மையாக நைஜீரிய நாட்டின் தென்மேற்குப் பகுதியாகும். அண்டை நாடுகளாகிய பெனினிலும் டோகோவிலும் அவர்கள் வாழ்கின்றனர். அவர்கள் தொகை நான்கு கோடிக்குக் குறையாது. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே நகரம் அமைத்து வாழ்ந்த மக்கள் அவர்கள். இஃபே, ஓயோ, ஒண்டோ, இபாதான், அபேயோகுட்டா என்பன அவர்களுடைய புகழ்பெற்ற நகரங்களுள் சில. நகரத்தை ஆளும் அரசனுக்கு ஓபா என்பது பொதுப்பெயர். ஓயோ நகரத்து அரசனை அலாஃபின் என்று சிறப்பித்துக் கூறுவர். அரசனுக்கு ஆலோசனை கூறவும், அவன் நெறி தவறினால் தடுக்கவும் தலைவர்களின் மன்றங்கள் இருந்தன.

அம்மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் ஒரு கதையை முதலில் கேளுங்கள். உலகத்தை ஒழுங்கு செய்து வருமாறு பரம்பொருளாகிய ஓலோடுமாரே பதினேழு தெய்வங்களை மண்ணுலகுக்கு அனுப்பினாராம். அவர்களில் பதினாறு பேர் ஆண்கள். பதினேழாவது தெய்வம் ஓசுன் என்னும் பெண். பதினாறு பேரும் தமக்குள்ளே கூடிக் கூடிப் பேசி எல்லாவற்றையும் தீர்மானித்தனர். ஓசுனை ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவர்கள் தொட்டதொன்றும் துலங்கவில்லை. மழை பொய்த்தது, செய்த காரியமெல்லாம் குலைந்தது. திரும்பிச் சென்று முறையிட்டபோது, "நான் அனுப்பியவர்கள் பதினேழு பேர் அல்லவா? பதினேழாமவள் எங்கே?" என்று ஓலோடுமாரே வினவினார். அவர்கள் ஓசுனிடம் சென்று பொறுத்தருள வேண்டிய பின்னரே உலகம் நடைபெறத் தொடங்கிற்றாம். இந்த ஓசுனுக்குரிய தெய்வச் சோலை ஓசோக்போ நகரில் இன்றும் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

கதை வரலாறு ஆகாது. ஆயினும் ஒரு சமுதாயம் எதைச் சரி என்று கருதுகிறது என்பதை அதன் கதைகள் காட்டிவிடும். மன்றத்தில் பெண்ணின் குரல் இல்லையேல் காரியம் கைகூடாது என்பது இக்கதையின் கருத்து. இக்கருத்து நடைமுறையில் எவ்வாறு வேரூன்றியது என்று பார்ப்போம்.

அதன் வேர் அங்காடியில் இருக்கிறது. யொரூபா நாட்டில் நிலத்தை உழுது பயிரிடுவது பெரும்பாலும் ஆடவர் தொழில். விளைந்த பொருளைப் பக்குவப்படுத்தி விற்பது பெண்டிர் தொழில். வள்ளிக்கிழங்கை உலர்த்தி மாவாக்குவதும், பனம்பழத்திலிருந்து எண்ணெய் எடுப்பதும், துணிக்கு அவுரிச் சாயம் தோய்ப்பதும் அவர்களே. நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஊர்தோறும் கூடிய சந்தைகளை இணைத்து நெடுந்தொலைவு வாணிகம் செய்தவர்களிலும் பெண்கள் மிகப் பலர். மணமான பெண்ணுக்கு வாணிகம் தொடங்கச் சிறிது முதல் கொடுத்துதவுவது கணவனின் கடமை என்று கருதப்பட்டது. அம்முதலைக் கொண்டு அவள் ஈட்டிய பொருளோ அவளுக்கே உரியது. தன் பொருளைத் தானே ஆளும் ஒருத்தி தன் கருத்தையும் தானே சொல்லத் துணிவாள் என்பதில் வியப்பில்லை.

பொருள் திரண்ட இடத்தில் ஒழுங்கும் வேண்டும் அன்றோ? துணி விற்போர், மிளகாய் விற்போர், கிழங்குமாவு விற்போர் எனச் சரக்குத்தோறும் பெண்கள் சங்கம் கூட்டிக்கொண்டனர். ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு தலைவி உண்டு. அங்காடி முழுமைக்கும் தலைவியாக விளங்குபவர் இயாலோஜா எனப்பட்டார். 'இயா' என்றால் தாய்; 'ஓஜா' என்றால் அங்காடி. அங்காடித் தாய் என்பதே அப்பட்டத்தின் பொருள். யாருக்கு எந்த இடம், கடனைத் திருப்பித் தராதவரை என்ன செய்வது, இருவர் பூசலை எவ்வாறு தீர்ப்பது என்பனவெல்லாம் இத்தலைவியரின் முன் வந்தன.

ஒண்டோ நகரில் அங்காடித் தலைவிக்கு லோபுன் என்று பெயர். அந்நகரின் முதல் ஆட்சியாளர் புபுபு என்ற பெண்ணே என்பது அவ்வூர் மரபு. அப்பழமையின் நினைவாகவே போலும், ஒண்டோ அரசனின் முடிசூட்டுச் சடங்கில் லோபுனுக்கு இன்றியமையாத பங்கு அமைந்துள்ளது.

அங்காடிக்கு அப்பால், நகர மன்றத்தில் அமர்ந்த பெண் தலைவருக்கு இயாலோடே என்று பட்டம். 'ஓடே' என்பது வெளியிடத்தைக் குறிக்கும் சொல். வீட்டுக்கு ஒரு தாய் இருப்பதுபோல, வீட்டுக்கு வெளியே உள்ள பொதுவாழ்வுக்கும் ஒரு தாய் வேண்டும் என்பது இப்பட்டத்தின் உட்பொருள். நீங்கள் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இயாலோடே என்பவர் அரசனின் மனைவி அல்லர். தலைவன் ஒருவனின் மனைவி என்பதற்காக அப்பட்டத்தைப் பெற்றவரும் அல்லர். தம் திறமையாலும் செல்வத்தாலும் பெண்களிடையே பெற்ற செல்வாக்காலும் அவ்விடத்தை அடைந்தவர்.

இதற்குச் சான்று கூறுபவர் சாமுவேல் ஜான்சன் என்னும் யொரூபா அறிஞர். இபாதானில் ஆசிரியராகவும் பின்னர் கிறித்தவக் குருவாகவும் தொண்டு செய்தவர். தம் மக்களின் வரலாற்றை 1897-இல் எழுதி முடித்தார். அவர் 1901-இல் மறைந்தார். பதிப்பகத்தாரிடம் அனுப்பப்பட்ட கையெழுத்துப்படி காணாமற்போயிற்று. அவர் தம்பியார் எஞ்சிய குறிப்புகளைக் கொண்டு மீண்டும் எழுதி, 1921-இல் நூல் அச்சேறச் செய்தார். அந்நூல் கூறுவதாவது: ஆண் தலைவர்களுக்கு வலக்கைத் துணைவர், இடக்கைத் துணைவர் என்று படிப்படியாக அதிகாரிகள் இருந்தமை போலவே இயாலோடேக்கும் இருந்தனர், இயாலோடேக்களுள் சிலர் போர்வீரர் படையும் வைத்திருந்தனர், தலைவர்களின் மன்றத்தில் அவர்களுக்கும் பேசும் உரிமை உண்டு, நகரத்துப் பெண்கள் தம் குறையை அவர்கள் வாயிலாகவே மன்றத்துக்கு எட்டச் செய்தனர்.

ஓயோ அரண்மனையைப் பற்றி அவர் எழுதியிருப்பது இன்னும் சுவையானது. அங்கே 'இயா கேரே' என்று ஓர் அதிகாரி. அரசச் சின்னங்களும் கருவூலப் பொருள்களும் அவர் பொறுப்பில் இருந்தன. முடிசூட்டு நாளில் அரசன் தலையில் முடியை வைப்பவரும் அவரே. அரசன்மீது அவருக்கு மனத்தாங்கல் ஏற்பட்டால், சின்னங்களைத் தர மறுத்துக் கொலுவையே நடக்கவொட்டாமல் செய்துவிட அவரால் இயலும்! 'இயாமோடே' என்பவர் மற்றோர் அதிகாரி. மறைந்த அரசர்களின் கல்லறைகளில் வழிபாடு நடத்துபவர் அவர். முன்னோரின் ஆவிகளுக்கு வழிபாடு செய்பவர் ஆதலின், அரசன் அவரைத் 'தந்தையே' என்று விளித்து முழந்தாளிட்டு வணங்குவான். மனிதருள் வேறு எவர் முன்னும் அலாஃபின் முழந்தாளிடுவதில்லை. பெண் ஒருவரைத் தந்தை என்று அழைப்பது நமக்கு விந்தையாகத் தோன்றலாம். அங்கே மதிக்கப்பட்டது பதவி. அதில் அமர்ந்தவர் ஆணா பெண்ணா என்பது இரண்டாவது கேள்வி.

யொரூபா மொழியும் இதற்கு ஒத்துநிற்கிறது. நம் மொழியில் 'அவர்' என்னும் சொல் ஆணையும் பெண்ணையும் குறிக்கும் அல்லவா? யொரூபா மொழியில் அவன், அவள் என்ற வேறுபாடே இல்லை. உடன்பிறந்தோரைச் சுட்டும்போதும் மூத்தவர், இளையவர் என்பதற்கே தனிச்சொற்கள் உள. அண்ணன், அக்காள் என்று பிரித்துச் சொல்ல ஒற்றைச் சொல் இல்லை. ஓயெரோங்கே ஓயெவுமி என்னும் யொரூபா பேராசிரியர் 1997-இல் வெளியிட்ட நூலில், அச்சமுதாயத்தில் மதிப்பை வரையறுத்தது முதன்மையாக வயதின் மூப்பே என்று வாதிட்டார். மன்னர் பட்டியலை ஆங்கிலத்தில் எழுதியோர், பால் காட்டாத பெயர்களையெல்லாம் ஆண்களாகவே கொண்டுவிட்டனர் என்பதும் அவர் கருத்து. இதை முழுமையாக ஏற்காத அறிஞரும் உளர். ஆயினும் ஒரு மொழியின் மூன்றாமிடச் சொல்லை மொழிபெயர்ப்பதில் ஓர் அரசியே மறைந்துபோகக்கூடும் என்னும் எச்சரிக்கையை நாம் மறத்தலாகாது.

இனி, இயாலோடேக்கள் இருவரின் வாழ்க்கையைச் சுருக்கமாகக் காண்போம். முதலாமவர் தினுபு அம்மையார். லாகோஸ் நகரில் உப்பு, புகையிலை, படைக்கலம் ஆகியவற்றை விற்றுப் பெருஞ்செல்வம் சேர்த்தவர். அடிமை வாணிகத்திலும் ஈடுபட்டவர். அரசனை ஆட்டிவைக்கும் அளவுக்கு அவர் செல்வாக்கு வளர்ந்ததைக் கண்டு, ஆங்கிலத் தூதர் காம்ப்பெல் 1856-இல் அவரை நகரைவிட்டு வெளியேறச் செய்தார். அம்மையார் தம் மக்களின் நகரமாகிய அபேயோகுட்டாவுக்குச் சென்றார். 1864-இல் டஹோமி அரசின் படை அந்நகரைத் தாக்கியது. அப்படையில் பெண் வீரர்களின் அணிகளும் இருந்தன என்பது உலகறிந்த செய்தி. நகரைக் காத்தோருக்கு வெடிமருந்தும் படைக்கலமும் வழங்கி உதவினார் தினுபு. தாக்க வந்தோரிலும் பெண்கள். காத்தோருக்குத் துணைநின்றவரும் பெண். நகரம் பிழைத்தது, அவ்வாண்டிலேயே இயாலோடே பட்டம் அவரைத் தேடிவந்தது. 1887-இல் அவர் காலமானார். எந்த நகரிலிருந்து அவர் விரட்டப்பட்டாரோ அந்த லாகோசின் நடுவில் உள்ள சதுக்கம் ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இரண்டாமவர் இபாதான் நகரத்து எஃபுன்ஷெத்தான் அனிவுரா. இபாதான் போர்வீரர்கள் அமைத்த நகரம். அங்கே பரம்பரை அரசன் இல்லை. வீரமும் செல்வமும் உடையோர் படிப்படியாக உயர்வர். எஃபுன்ஷெத்தான் பெரும் பண்ணைகளுக்கு உரியவர். நெடுந்தொலைவு வாணிகம் செய்தவர். போர்த் தலைவர்களுக்குப் படைக்கலங்களைக் கடனாகக் கொடுத்தவர். படைத்தலைவன் லத்தோசா போருக்குமேல் போர் தொடுத்துவந்தான். 1874-ஆம் ஆண்டு மே முதல் நாள் அவன் அவரைப் பட்டத்திலிருந்து நீக்கினான். சாட்டப்பட்ட குற்றங்கள் மூன்று: போருக்கு உடன்வரவில்லை, போர்க்களத்துக்குப் பொருள் அனுப்பவில்லை, திரும்பி வந்தவனை நகர வாயிலில் எதிர்கொண்டு வாழ்த்தவில்லை. தண்டப்பொருளை அவர் செலுத்தினார். எனினும் பட்டம் திரும்பவில்லை. ஜூன் மாத இறுதியில் ஓர் இரவு, உறவினரின் தூண்டுதலால், தம் அடிமைகளின் கையாலேயே அவர் கொல்லப்பட்டார்.

இவ்வம்மையார் கொடியவர் என்பதே நெடுங்காலமாக வழங்கிவரும் பேச்சு. ஒரே மகளைப் பிள்ளைப்பேற்றில் இழந்த பின்னர் மனம் கல்லாகி, அடிமைகளை வதைத்தார் என்பர். அகின்வுமி இஷோலா அவரைப் பற்றி எழுதிய யொரூபா நாடகம் 1970-இல் அச்சாகி, அக்கருத்தை நாடெங்கும் பரப்பியது. போலான்லே அவே என்னும் வரலாற்றுப் பேராசிரியர் வேறு கோணத்தில் பார்த்தார். போர்வெறியை எதிர்த்துக் கடன் கொடுக்க மறுத்த ஒரு தலைவரை மன்றத்து ஆடவர் ஒழித்தனர் என்பதே அதன் அரசியல் என்று அவர் காட்டினார். நான் எப்பக்கம் என்று கேட்பீர்கள். அடிமைகளை வைத்திருந்த ஒருவரை நல்லவர் என்று போற்ற என் மனம் இசையவில்லை. ஆனால் அன்றைய போர்த் தலைவர்களும் அடிமைகளை வைத்திருந்தோரே. அவர்களுடைய வீரத்தை மட்டும் பாடி, இவருடைய கொடுமையை மட்டும் பேசுவது ஒரே தராசில் நிறுப்பதாகாது.

இவ்வரலாற்றிலிருந்து மற்றோர் உண்மையும் புலனாகிறது. பெண்களுக்கு மன்றத்தில் இடம் இருந்தது. ஆனால் இருந்தது ஓர் இடம். எதிரே அமர்ந்தவர்களோ பல ஆண் தலைவர்கள். அவர்கள் ஒன்றுகூடிப் பகைத்தால் ஒற்றைப் பெண்ணால் எவ்வளவு நிற்க முடியும்? யொரூபா நாடு பெண்களின் பொன்னுலகம் என்று நான் சொல்ல வரவில்லை. இடமே இல்லை என்பதும் பொய். எல்லாம் இருந்தது என்பதும் பொய்.

இருந்த அந்த ஓர் இடத்துக்கும் பெருங்கேடு அயலாட்சியால் விளைந்தது. 1914-இல் ஆங்கிலேயர் வடநாட்டையும் தென்னாட்டையும் இணைத்து நைஜீரியா என ஒன்றாக்கினர். உள்ளூர் அரசர் வாயிலாக ஆளும் முறையைப் பரப்பினர். அபேயோகுட்டாவில் அலாக்கே எனப்படும் அரசர் ஒருவரையே முழு அதிகாரியாக ஏற்றனர். அரசனைத் தடுத்து நிறுத்தும் மன்றங்களும், அவற்றில் அமர்ந்த இயாலோடேயும் அவர்களுடைய ஏட்டில் இடம்பெறவில்லை. பெண்ணின் பட்டத்தை யாரும் சட்டமிட்டு ஒழிக்கவில்லை. எழுதாமல் விட்டார்கள், அவ்வளவே. எழுதாத பதவிக்கு ஊதியம் இல்லை, அழைப்பு இல்லை, நாளடைவில் அதிகாரமும் இல்லை. வரி வாங்கும்போது மட்டும் பெண்கள் கணக்கில் வந்தார்கள்! அபேயோகுட்டாவில் கணவனுக்குத் தனியாகவும் மனைவிக்குத் தனியாகவும் வரி பிரிக்கப்பட்டது.

அந்நகரில் பெண்கள் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியராக விளங்கியவர் ஃபுன்மிலாயோ ரான்சம்-குட்டி. 1900-ஆம் ஆண்டில் பிறந்தவர், இங்கிலாந்தில் பயின்றவர். அவரும் அவரையொத்த படித்த மகளிரும் அமைத்திருந்த கழகம் தொடக்கத்தில் தையலும் சமையலும் நற்பழக்கமும் கற்பித்துவந்தது. 1940-களில் அங்காடிப் பெண்களுக்கு எழுத்தறிவிக்கத் தொடங்கியபோதுதான், கற்பிக்கச் சென்றவர் கற்றுக்கொண்டார். வரித் தண்டலில் நடந்த கொடுமைகளை அவர்கள் வாயிலாக அறிந்தார். 1946-இல் கழகம் அபேயோகுட்டா மகளிர் சங்கமாக மாறியது. ஃபுன்மிலாயோ ஐரோப்பிய உடையை விட்டு அங்காடிப் பெண்களைப் போல் உடுக்கலானார். ஆங்கிலம் நன்கறிந்திருந்தும், ஆங்கில அதிகாரிகளிடம் யொரூபா மொழியிலேயே பேசினார். மொழிபெயர்ப்பாளரைத் தேடிக்கொள்வது அவர்கள் பாடாயிற்று.

1947-இல் பல்லாயிரம் பெண்கள் அரண்மனை முன் திரண்டு, இரவும் பகலும் அங்கேயே இருந்து பாட்டாலும் பேச்சாலும் தம் வழக்கை எடுத்துரைத்தனர். அவர்கள் கேட்டது வரிநீக்கம் மட்டுமன்று. ஆளும் மன்றத்தில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்றும் கேட்டனர். 1948-இல் பெண்கள் மீதான தனிவரி நிறுத்தப்பட்டது. 1949 ஜனவரியில் அலாக்கே அரியணை துறந்து நகரைவிட்டு நீங்கினார். மாற்றியமைத்த மன்றத்தில் பெண்கள் சிலர் அமர்ந்தனர். மறு ஆண்டின் இறுதியில் அலாக்கே திரும்பிவிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும், வெற்றி முழுமையானதன்று. ஆயினும் பெண்கள் புதியதொன்றைக் கேட்கவில்லை என்பதை நோக்குங்கள். தம் பாட்டியர் அமர்ந்திருந்த இடத்தையே திரும்பக் கேட்டனர். எழுத்தறிவும் அங்காடிச் சங்கமும் ஒன்று சேர்ந்ததால்தான் அது கைகூடிற்று.

இயாலோடே, இயாலோஜா என்னும் பட்டங்கள் இன்றும் வழங்கப்படுகின்றன. தேர்தல் காலத்தில் அங்காடித் தலைவியரின் ஆதரவை நாடாத அரசியல்வாதி லாகோசில் அரியர். எனினும் 2023-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் அமைந்த நைஜீரிய நாடாளுமன்றத்தில் நூற்றுக்கு ஐவர்கூடப் பெண்கள் இல்லை. பழைய மன்றத்தில் ஓர் இடம் உறுதியாக இருந்தது. புதிய மன்றத்தில் ஓர் இடமும் உறுதியில்லை. மாறிவரும் காலமெல்லாம் வளர்ச்சியே என்று எண்ணுவோர் இதைச் சிந்தித்துப் பார்த்தல் வேண்டும்.

மாணவ மாணவியரே, வரலாற்று நூலில் ஒரு சாராரைப் பற்றி ஒன்றும் இல்லையெனில், அவர்கள் ஒன்றும் செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஏட்டை எழுதியவர் யார், எதை எழுதாமல் விட்டார், ஏன் விட்டார் என்று கேளுங்கள். அன்று பின்வரிசையிலிருந்து எழுந்த மாணவி கேட்டது அக்கேள்விதான். பதினாறு தெய்வங்களும் பதினேழாமவளை மறந்ததுபோல, அவள் கேள்வியை நான் மதிக்காமல் விட்டேன். இன்று அவள் எங்கிருக்கிறாள் என்று அறியேன். அவள் கேட்டது நல்ல கேள்வி என்பதை அன்றே சொல்லியிருக்க வேண்டும், இன்று சொல்கிறேன். உங்கள் ஆசிரியர் விடை தெரியாமல் உங்களை அமரச் சொன்னால் பணிவோடு அமருங்கள். கேள்வியை மட்டும் அமரச் செய்துவிடாதீர்கள்.